வீட்டுக் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

பூட்டிக் கிடக்கும் அறையிலும் நுண்ணுயிர்கள் உண்டு. நம் தோலிலிருந்து உதிர்ந்தவை, செருப்போடு வந்த மண்ணில் இருப்பவை, ஜன்னல் வழியாக நுழைந்த பூஞ்சை வித்துகள் எல்லாம் தூசியோடு மிதந்து மெல்லத் தரையில் இறங்குகின்றன. இறங்கும் தூசியைச் சத்துள்ள கெட்டிக் கூழில் பிடித்து வளரவிட்டால், நாலைந்து நாளில் வெறும் கண்ணுக்கே தெரியும். மைக்ராஸ்கோப் வேண்டாம். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ, கைக்குழந்தையோ இருந்தால் அங்கே செய்யாதீர்கள்.

தேவையானவை

குட்டையான, வாய் அகன்ற கண்ணாடி ஜாம் பாட்டில் 4 (தகர மூடியோடு), கடல்பாசி 4 கிராம், உருளைக்கிழங்கு 50 கிராம், சர்க்கரை ஒரு டீஸ்பூன், தண்ணீர் 250 மில்லி, காகித டேப், மார்க்கர், சமையலுக்கு எடுக்காத பழைய பிரஷர் குக்கர்.

கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கிற அதே கடல்பாசிதான். ஆய்வகங்களில் அகர் என்பார்கள். இது ஆய்வகத்துக்கு வந்ததே சமையலறை வழியாகத்தான். 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நுண்ணுயிர் ஆய்வின் முன்னோடி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் மருத்துவர் வால்டர் ஹெஸ் ஆராய்ந்துகொண்டிருந்ததும் காற்றிலுள்ள நுண்ணுயிர்களைத்தான். கூழைக் கெட்டியாக்க அவர் பயன்படுத்திய ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகிப் போனது. ஜெல்லி செய்யப் போடும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ். உறைந்த அகர் மறுபடி உருக ஏறக்குறைய 85 டிகிரி செல்சியஸ் வேண்டும்; நம் ஊர் சித்திரை வெயிலுக்கும் அசையாது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்து வரும் பாசியிலிருந்தும் அகர் தயாராகிறது. அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வராமல் இருப்பதில்லை.

படி 1: கூழ் காய்ச்சுங்கள்

உருளைக்கிழங்கை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடிகட்டுங்கள். 250 மில்லிக்குக் குறைந்தால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் கடல்பாசியும் போட்டு, முழுக்கக் கரையும்வரை கிளறிக் கொதிக்கவிடுங்கள். அசைவ வீடென்றால் கிழங்கோடு ஒரு கோழி எலும்பையும் வேகவைக்கலாம், பாக்டீரியா நன்றாக வளரும். கிழங்கு மட்டும் என்றால் பூஞ்சை அதிகம் வரும்.

படி 2: கிருமி நீக்குங்கள்

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். மூடியைப் போட்டுக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். இறுக்கினால் பாட்டில் உடையலாம். குக்கரின் அடியில் துணி விரித்து, மூன்று விரல் உயரம் தண்ணீர் விட்டு, பாட்டில்களை நிறுத்தி வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். நம் வீட்டுக் குக்கரில் ஏறும் அழுத்தம் ஆய்வகத்தில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவிக்கு ஏறக்குறைய சமம், 120 டிகிரி வரை சூடேறும். ஆவியை நீங்களாக வெளியேற்றாதீர்கள், கூழ் பொங்கிவிடும். தானாக அடங்கட்டும்.

அப்புறம் ஒரு நாள் அப்படியே மூடி வையுங்கள். எதிலாவது புள்ளி தோன்றினால் அதைத் திறக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: காற்றைப் பிடியுங்கள்

மூன்று பாட்டில்களை மூன்று இடங்களில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். ஆட்கள் தூங்கி எழுந்த படுக்கையறையில் ஒன்று, விளக்குமாறால் பெருக்கும் கூடத்தில் ஒன்று, திறந்த ஜன்னலோரம் ஒன்று. மின்விசிறி ஓடக்கூடாது. மூடியைக் கவிழ்த்து வைத்து, தொடாமல் விடுங்கள்.

நான்காவதைத் திறக்கவே கூடாது. இந்தச் சோதனையின் உயிரே அந்தப் பாட்டில்தான். அதிலும் ஏதாவது வளர்ந்தால், மற்ற மூன்றில் வளர்ந்ததும் காற்றிலிருந்து வந்ததா, உங்கள் கூழிலேயே இருந்ததா என்று சொல்ல முடியாது. நான் முதல் தடவை அதை வைக்கவில்லை. ஒரு வாரக் காத்திருப்பு வீணானது இன்னும் வருத்தம்தான்.

படி 4: மூடி, எழுதி, காத்திருங்கள்

மூடியைத் தளர்வாகவே போட்டு, சுற்றிலும் காகித டேப் ஒட்டுங்கள். இடம், தேதி, நேரம் எழுதுங்கள். சூடாக்கத் தேவையில்லை, அறை வெப்பம் போதும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். இனி எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே இப்போது இருப்பது காற்றில் இருந்த ஒன்றிரண்டு செல் இல்லை, கோடிக்கணக்கில் பெருகியவை.

படி 5: பாருங்கள்

இரண்டாம் நாள் வழவழப்பான சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தால் அவை பெரும்பாலும் பாக்டீரியா. பளிச்சென்ற மஞ்சள் என்றால் நம் தோலில் வாழும் மைக்ரோகாக்கஸாக இருக்கலாம். மங்கலாக, சுருக்கத்தோடு பரவினால் மண்ணில் வாழும் பேசில்லஸ் வகையாக இருக்கலாம். பஞ்சுபோல் எழும்புவது பூஞ்சை. மூன்றாம் நாளுக்கு மேல் பச்சையும் கருப்புமாக நிறம் மாறும். கண்ணால் பார்த்து மட்டும் பெயரை உறுதி செய்ய முடியாது. அதனால் “மஞ்சள் 6, வெள்ளை 11” என்று எண்ணி எழுதுங்கள், தினமும் ஒரு போட்டோ எடுங்கள்.

எண்ணிக்கை கூடிய அறை அழுக்கான அறை என்று முடிவு கட்டாதீர்கள். இந்தக் கூழில் வளராத நுண்ணுயிர்களே அதிகம். வளர்கிறவற்றிலும் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை.

படி 6: அழியுங்கள்

ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். டேப்பைப் பிரிக்காமல் பாட்டில்களை அப்படியே குக்கரில் வைத்து, முன்போலவே விசிலுக்குப் பின் 30 நிமிடம். ஆறிய பிறகு பையில் கட்டிக் குப்பையில் போட்டு, கையைச் சோப்பால் கழுவுங்கள்.