நியூ ஆர்லியன்ஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? அப்சிந்த் ஹவுஸுக்குப் பகலில் போங்கள்

டுலேன் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தாலும் சரி, மருத்துவமனை வேலைக்கு வந்தாலும் சரி, யாராவது உங்களைப் பர்பன் தெருவுக்கு அழைத்துப் போகத்தான் போகிறார்கள். ராத்திரிக் கூட்டத்தில் அந்தத் தெருவை முதன்முதலாகப் பார்த்தால் ஊரையே தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள். வார நாளில், பிற்பகலில் போங்கள். பியன்வில் தெரு முனையில் 1800களின் தொடக்கத்தில் கட்டிய ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் ஓல்ட் அப்சிந்த் ஹவுஸ், அப்சிந்த் என்ற சோம்பு மணமுள்ள பச்சை மதுவால் பேர் பெற்ற பார்.

ஆங்கிலேயரை எதிர்த்து இந்த ஊரில் நடந்த 1815 போருக்கு முன் ஜெனரல் ஆண்ட்ரூ ஜாக்சனும் கடற்கொள்ளையன் ஜான் லஃபீட்டும் இதன் மாடியில்தான் ரகசியமாகப் பேசி முடித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சந்திப்புக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் லஃபீட்டின் ஆட்கள் ஜாக்சன் பக்கம் நின்று பீரங்கி இயக்கியது உண்மை.

எனக்கு அந்தக் கதையைவிட பளிங்குத் தண்ணீர்க் குழாய்தான் பெரிது. 1870களில் கயெட்டானோ ஃபெரர் என்ற கேட்டலன்காரர் இங்கே அப்சிந்தைப் பொடித்த ஐஸோடு கலந்து கொடுத்துப் பேர் வாங்கினார். அன்றைக்கெல்லாம் குழாயிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் கிளாஸில் விழும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அப்படிச் சொட்டியே பளிங்கின் அடியில் குழி விழுந்திருக்கிறது. மதுவிலக்குக் காலத்தில் அதே தெருவில் வேறு பாருக்குப் போய், பல காலம் கழித்துத் திரும்பி வந்த குழாய் அது.

தண்ணீர் பட்டதும் தெளிந்த பச்சை மது பால் போல வெளுப்பதைக் கவனியுங்கள். அனெத்தோல் என்ற எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடக்கூட அது நுண்துளிகளாகப் பிரிகிறது, அதனால்தான் அந்த வெண்மை. நம் சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் இருப்பதும் இதே எண்ணெய்தான். மூக்கருகே கொண்டுபோனால் பிரியாணி தாளிக்கிற ஞாபகம் வரும்.

அமெரிக்கா 1912இல் அப்சிந்தைத் தடை செய்தது. விற்பனைக்கு மறுபடி வந்தது 2007இல்தான். இடையில், 1934இல், அப்சிந்தில் சேரும் எட்டிக்கசப்புள்ள மாசிபத்திரி இனச் செடியைச் சேர்க்காமல், அதற்கு மாற்றாக இந்த ஊரிலேயே ஹெர்ப்செயின்ட் என்ற சோம்பு மண மது வந்தது. முதல் முறை என்றால் அதைப் பொடித்த ஐஸோடு கலந்து தரும் ஹெர்ப்செயின்ட் ஃப்ராப்பே கேளுங்கள். அப்சிந்தைத் தண்ணீர் கலக்காமல் குடிக்கவே வேண்டாம், பல வகைகளில் சாராயம் 50 சதவீதத்துக்கும் மேல். குடித்தால் மாயக்காட்சி தெரியும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

21 வயது நிரம்பியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டோ உள்ளூர் அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். ஒரு கிளாஸுக்கு ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் வையுங்கள். பர்பன் தெரு இருக்கும் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் பகுதியில் பிளாஸ்டிக் டம்ளரோடு தெருவில் நடக்கலாம், கண்ணாடி கூடாது. குடித்துவிட்டு மட்டும் வண்டி ஓட்டாதீர்கள். ஒரே ஒரு கைது விசாவுக்கே உலை வைக்கலாம். வாடகைக் கார் பிடித்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.

குடிக்காதவர்கள் சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.