‘டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட்’ சிபியுவை விழுங்கினால் செய்யக் கூடாதவை

விண்டோஸ் கம்ப்யூட்டரில் எதையுமே திறக்கவில்லை. ஆனாலும் ஃபேன் இரைகிறது, மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் முதல் வரியில் ‘டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட்’ என்று நிற்கிறது. நாம் நிறுவாத, கேள்விப்படாத பெயர். கை தானாக ‘எண்ட் டாஸ்க்’ பக்கம் போகும். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

டபிள்யூஎம்ஐ, அதாவது ‘விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்’, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வரும் வசதி. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம், பேட்டரி எத்தனை சதவீதம், ப்ராசஸர் எவ்வளவு சூடு என்று மற்ற மென்பொருள்கள் கேட்கும். இது தன் ப்ரொவைடர் ஹோஸ்ட் மூலம் பதில் சொல்லும். பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் கவுண்டரை விட்டு நகராமல் நொடிக்கொரு தடவை ‘என் அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்கு?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கிளார்க் என்ன செய்வார்? டாஸ்க் மேனேஜர் நமக்குக் காட்டுவது கிளார்க்கைத்தான். கேட்பவர் யார் என்று அது சொல்லாது.

அதனால்தான் எண்ட் டாஸ்க் கொடுத்ததும் ஃபேன் கொஞ்ச நேரம் அடங்கி, மறுபடி இரைய ஆரம்பிக்கிறது. அடுத்த கேள்வி வந்தவுடன் விண்டோஸ் புதிதாக இன்னொரு ப்ரொவைடர் ஹோஸ்ட்டை எழுப்பிவிடும். சிலர் இதில் எரிச்சலாகி, பின்னணியில் இயங்குபவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலுக்குப் போய் ‘விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்’ சர்வீஸையே டிசேபிள் செய்துவிடுகிறார்கள். அதன் விவரக் குறிப்பைப் படித்திருந்தால் செய்திருக்க மாட்டார்கள்: இந்த சர்வீஸை நிறுத்தினால் பெரும்பாலான மென்பொருள்கள் சரியாக இயங்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதில் தப்பில்லை. நிரந்தரமாக மூடக் கூடாது.

இதைவிடப் பெரிய வினை, இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று ரெப்பாசிட்டரி ஃபோல்டரை அழிப்பது. டபிள்யூஎம்ஐயின் தகவல் களஞ்சியமே அதுதான். அது கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதிக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. சோதிக்காமலே அழித்தால் மற்ற மென்பொருள்கள் அதில் பதிவு செய்து வைத்திருந்தவையும் சேர்ந்து போகும். இத்தனைக்கும் சிபியு சூடாவதற்கும் களஞ்சியம் கெடுவதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

சரி, கேட்பவரை எப்படிப் பிடிப்பது? கம்ப்யூட்டரில் நடப்பவற்றின் பதிவேடுகளை (லாக்) காட்டும் ஈவண்ட் வியூவரைத் திறந்து ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ‘டபிள்யூஎம்ஐ ஆக்டிவிட்டி’, ‘ஆபரேஷனல்’ என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே 5858 என்ற எண்ணோடு எரர்கள் இருக்கும். ஒன்றைத் திறந்தால் ‘கிளையன்ட் ப்ராசஸ் ஐடி’ என்று ஓர் எண் இருக்கும். கேள்வி கேட்ட மென்பொருளின் எண் அது. டாஸ்க் மேனேஜரின் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் பிஐடி (ப்ராசஸ் ஐடி) வரிசைப்படி அடுக்கினால் அந்த எண்ணுக்குரிய பெயர் கிடைத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் லேப்டாப்பில் இப்படிப் பார்த்தபோது ஒரே எண் வரிவரியாக வந்துகொண்டிருந்தது. ஃபேன் வேகத்தையும் சூட்டையும் திரை ஓரத்தில் காட்டும் சின்ன மென்பொருள் அது. அந்த லேப்டாப்பின் ஹார்ட்வேர் சூட்டைச் சொல்லும் வசதியை டபிள்யூஎம்ஐக்குத் தரவே இல்லை. கேள்வி ஒவ்வொரு முறையும் தோற்றது. மென்பொருளும் சளைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டது. சூட்டைக் கண்காணிக்க வந்ததே சூட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தது!

இந்தத் தேடலிலும் வழுக்குகிற இடங்கள் உண்டு. நல்ல கம்ப்யூட்டரிலும் 5858 எரர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஒன்றைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டேன் என்று துள்ள வேண்டாம். ஒரே எண் கொத்தாக வருகிறதா என்று பாருங்கள். நேற்றைய எரரில் உள்ள எண்ணை இன்றைய டாஸ்க் மேனேஜரோடு ஒப்பிடாதீர்கள். ரீஸ்டார்ட் ஆனதும் எண்கள் மாறிவிடும், அதே எண் வேறு எதற்கோ போயிருக்கும், பழி நிரபராதி மேல் விழும். அதே எரரில் ‘கிளையன்ட் மெஷின்’ என்ற இடத்தையும் பாருங்கள். அங்கே வேறு கம்ப்யூட்டரின் பெயர் இருந்தால் கேள்வி நெட்வொர்க் வழியாக வருகிறது. நம் மெஷினில் எவ்வளவு தேடினாலும் ஆள் கிடைக்காது.

ஆபரேஷனல் லாக்கில் முக்கியமாகத் தோற்ற கேள்விகள்தான் பதிவாகும். சிபியுவைத் தின்றுகொண்டே ஒழுங்காகப் பதில் வாங்கும் கேள்வி அங்கே சிக்காது. அப்போது வியூ மெனுவில் அனலிட்டிக், டீபக் லாக்குகளைக் காட்டச் சொல்லி, ‘ட்ரேஸ்’ லாக்கைச் சில நிமிடம் இயக்கிப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். சகட்டுமேனிக்கு எழுதித் தள்ளும்.

சதவீதத்தைத் தப்பாகப் படிப்பதும் சகஜம். 13 சதவீதம்தானே என்று விட்டுவிடுவார்கள். 8 லாஜிக்கல் ப்ராசஸர் உள்ள மெஷினில் 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. அதாவது ஒரு ப்ராசஸர் முழுக்க முழுக்க மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நேரெதிராக, ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ 95ல் நிற்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. அது சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. அதிகமாக இருந்தால் நல்லதுதான்.

‘ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணேன், அப்படியேதான் இருக்கு’ என்பார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் உள்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, ஆன் செய்ததும் பழைய நிலையிலேயே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தொடங்கிய சில நிமிடங்களும், அப்டேட் ஆன உடனேயும் டபிள்யூஎம்ஐ எகிறுவது இயல்பு. அந்த நேரத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வைரஸாக இருக்குமோ என்ற சந்தேகம் தப்பில்லை, பெயரை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் தப்பு. ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ‘டபிள்யூபெம்’ என்ற இடம் திறக்க வேண்டும். 32 பிட் மென்பொருளுக்காக இயங்கும்போது சிஸ்வாவ்64க்குள் இருக்கும் டபிள்யூபெம் வரலாம், அதுவும் சரிதான். டவுன்லோட்ஸ், டெம்ப் என்று வந்தால் உடனே ஸ்கேன் செய்யுங்கள். இந்தப் பயத்தில் ‘பிசி கிளீனர்’ வகையறாவை நிறுவுவது கூத்து. அவற்றில் பலவும் நாள் முழுக்கக் கணினியின் நலம் விசாரித்துக்கொண்டே இருப்பவை. கவுண்டரில் இன்னொரு ஆள் கூடுவார், அவ்வளவுதான்.

லாக்கிலும் பிடிபடவில்லை என்றால் கிளீன் பூட், அதாவது மைக்ரோசாஃப்ட் அல்லாத சர்வீஸ்களை அணைத்துவிட்டு விண்டோஸைத் தொடங்குவது. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சர்வீசஸ் பகுதிக்குப் போய், ‘மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறை’ என்ற கட்டத்தை முதலில் டிக் செய்துவிட்டு, அப்புறம் மற்றவற்றை அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த டிக்கை மறந்து எல்லாவற்றையும் அணைத்தால் வேறு தலைவலி. சிபியு அடங்கினால் பாதியை இயக்குங்கள், மறுபடி எகிறினால் ஆள் அந்தப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சீக்கிரமே ஒன்றில் வந்து நிற்கும்.

கண்டுபிடித்ததும் அன்இன்ஸ்டால் செய்ய அவசரப்படாதீர்கள். முதலில் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். செட்டிங்ஸில் எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது என்று மாற்ற முடிந்தால் 1 நொடியை 30 ஆக்குங்கள். பல நேரம் அதுவே போதும். அலுவலக லேப்டாப்பில் நிறுவனமே போட்டுவைத்த கண்காணிப்பு மென்பொருள்தான் காரணம் என்றால் அதில் கை வைக்காமல், அந்த 5858 எரரை அப்படியே காப்பி செய்து ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள். ‘சிஸ்டம் ஸ்லோவா இருக்கு’ என்று வெறுமனே எழுதும் புகாரைவிட அதற்குச் சீக்கிரம் பதில் வரும்.