பெண்கள், சிறுமியருக்கான திட்டத்துக்கு முதன்முறை நிதி கேட்பது எப்படி?

ஏழைக் குடியிருப்புகளில் வேலை செய்யும் சிறு குழுக்களின் விண்ணப்பம் தள்ளுபடியானால், அவர்களின் வேலை மோசம் என்று அர்த்தமில்லை. பல நேரம் களத்தில் இருப்பது தாளில் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

1. படிவத்தைத் திறக்கும் முன் கேளுங்கள்

உங்கள் பகுதிப் பெண்கள், சிறுமியர் 10 முதல் 15 பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். கூட்டமாக உட்காரவைத்தால் இரண்டு பேர்தான் வாய் திறப்பார்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி உதவாது. "போன வாரம் எந்த நாள் பள்ளிக்குப் போகவில்லை? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தண்ணீர் எடுக்கப் போனேன், மாதவிடாய் நாளில் துணி மாற்ற இடமில்லை, திரும்பும் வழியில் இருட்டிவிடும்: இப்படித்தான் காரணங்கள் வெளியே வரும். காரணம் மாறினால் திட்டமும் மாற வேண்டும். இருட்டு வழிக்குப் பயந்து நின்றுபோன பிள்ளைக்கு மாதவிடாய் அணையாடை (நாப்கின்) கொடுத்தால் அவள் பள்ளிக்குத் திரும்ப மாட்டாள்.

2. பிரச்சினையை இரண்டு வரியில் எழுதுங்கள்

"எங்கள் பகுதிப் பெண்கள் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள்" என்ற வரி எந்த ஊருக்கும் பொருந்தும். அதனால் படிப்பவர் மனதில் நிற்காது. "13 முதல் 16 வயது வரையிலான 40 சிறுமிகளிடம் பேசினோம், 17 பேர் பள்ளியை விட்டுவிட்டார்கள், அவர்களில் 11 பேர் சொன்ன காரணம் வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பது" என்று எழுதினால், பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஏன் வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. (இவை மாதிரி எண்கள். உங்கள் எண்களை நீங்களே எடுக்க வேண்டும்.)

3. யாரிடம் கேட்பது

பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிக்க 1996இல் தொடங்கிய ஐ.நா. அறக்கட்டளை நிதி, அந்த வேலைக்கு மட்டுமே பணம் தரும். தையல் பயிற்சிக்கு அங்கே விண்ணப்பிப்பது வீண். நெதர்லாந்தில் 1983இல் தொடங்கிய மாமா கேஷ் என்ற நிதி அமைப்பு, பெண்களும் சிறுமியரும் தாங்களே தலைமை தாங்கும் குழுக்களைத் தேடுகிறது. இளம் பெண்ணியவாதிகளுக்கான ஃப்ரிடா நிதியில் விண்ணப்பித்த குழுக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. அங்கே அதிகாரிக்கு எழுதுவதுபோல் எழுதாமல் சக குழுவுக்குப் புரியும்படி எழுதுங்கள். எந்த நிதியானாலும் முன்பு பணம் பெற்ற குழுக்களின் பட்டியலைப் பாருங்கள். உங்களைப் போன்ற சிறு குழு ஒன்றுகூட அதில் இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

பதிவு பெறாத குழு, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால், பதிவுள்ள ஓர் அமைப்பின் வழியாகப் பணம் பெறலாம். அவர்கள் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், எத்தனை நாளில் பணம் கைமாறும், வாங்கும் பொருள்கள் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு அரசு முன் அனுமதி தேவையா என்பதையும் விசாரியுங்கள்.

4. பட்ஜெட்

விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். மொத்தத் தொகையை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகு பங்குபோடாதீர்கள்; கீழிருந்து கூட்டுங்கள். 25 சிறுமிகள், வாரம் 2 வகுப்பு, 24 வாரம் என்றால் 48 வகுப்பு. பயணச் செலவு 25 × 48 = 1,200 போய்வரும் பயணங்கள். அதை ஒரு பயணத்தின் கட்டணத்தால் பெருக்குங்கள். பெருக்கல் கண்ணில் படும்படி எழுதினால் பரிசீலிப்பவருக்குச் சந்தேகம் வராது.

விட்டுப்போகும் செலவுகள் பெரும்பாலும் ஒன்றுதான்: பெண்கள் வந்து உட்கார முடிவதற்கான செலவு. தாய்மார் வகுப்பில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்க்க ஒருவர், வேலைக்குப் போகாத நாளின் கூலி இழப்பு, இருட்டியபின் துணைக்கு வருபவர். இவை இல்லாத திட்டத்தில் மூன்றாவது வாரமே பாதி நாற்காலி காலி. கணக்கர் சம்பளம், வாடகை, மின்சாரம் போன்ற நிர்வாகச் செலவைக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். பல நிதிகள் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய மானியங்களில் அது பெரும்பாலும் நேரடிச் செலவில் 7 சதவீதம் வரை.

கடைசியில் வேறொருவரிடம் கொடுத்து, விண்ணப்பத்தின் விவரிப்பில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு அது தெரியாது.

5. எதை அளப்பது

"30 பெண்களுக்குப் பயிற்சி" என்பது நீங்கள் செய்த வேலை. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் தங்கள் பெயரிலுள்ள கணக்கிலிருந்து தாங்களே பணம் எடுத்துச் செலவை முடிவுசெய்கிறார்கள் என்பதுதான் மாற்றம். இதே கேள்வியை முதல் வகுப்புக்கு முன்பே கேட்டுக் குறித்துவையுங்கள். அந்தத் தொடக்க நிலை தவறிப்போனால் பிறகு எடுக்க வழியே இல்லை.

6. சிறுமியரின் பாதுகாப்பு

இதில் எந்தச் சமரசமும் கூடாது. பெரியவர் ஒருவர் சிறுமியோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. புகாரை யாரிடம் சொல்வது என்பது ஒவ்வொரு சிறுமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் வகுப்பு எடுப்பவராக இருக்கக் கூடாது. சிறுமிக்கும் பெற்றோருக்கும் சம்மதமில்லாமல் படம், பெயர் எதையும் விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள்.

7. அனுப்பிய பிறகு

கடைசி நேரம் எந்த நாட்டு மணிப்படி என்று பார்த்து, இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். பணம் வழக்கமாகத் தவணைகளில் வரும். முதல் தவணையின் கணக்கு போகாமல் அடுத்தது வராது. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள். ரசீதைப் பெற்ற அன்றே படம் எடுத்துவிடுங்கள், மை மங்கிவிடும். பட்ஜெட்டின் ஒரு வரியில் மிச்சமான பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமென்றால் செலவழிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். செலவழித்துவிட்டுச் சொன்னால் நிதி தந்தவர்கள் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம்.