கல்லூரியில் கலக்கிய குவார்ட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவாரா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்எஃப்எல். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அதன் 2018 டிராஃப்டில், முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்) எடுக்கப்பட்டார்கள். பேக்கர் மேஃபீல்டு 1-ஆவது தேர்வு, சாம் டார்னல்டு 3, ஜாஷ் ஆலன் 7, ஜாஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. கடைசியில் போன ஜாக்சன் 2019-இலும் 2023-இலும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2024-இல் அதே விருது ஆலனுக்கு. மற்ற மூவரையும் எடுத்த அணிகள், ஐந்தாவது பருவம் தொடங்கும் முன்பே அவர்களை வெளியே அனுப்பிவிட்டன.

வருடம் முழுக்க இதையே வேலையாகச் செய்பவர்கள் போட்ட வரிசை இது. கணிப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் டிராஃப்ட் நடக்கும் ஒவ்வோர் ஏப்ரலிலும் அதே சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்கள்கூட அவற்றைத் தவிர்க்கலாம்.

முதலாவது, எண்களை அப்படியே நம்புவது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளிங்லர் 1990-இல் ஒரே ஆட்டத்தில் 11 டச்டவுன்கள், அதாவது எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேரும் வீச்சுகள், எறிந்தவர். அதே ஆண்டு டோக்கியோவில் நடந்த ஓர் ஆட்டத்தில் 716 யார்டு எறிந்தார். 1992-இல் சின்சினாட்டி அணி அவரை 6-ஆவது தேர்வாக எடுத்தது. அங்கே அவரால் நிலைக்க முடியவில்லை. எண்கள் பொய் இல்லை. அவை எதை அளந்தன என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. ஹூஸ்டனின் ஆட்டமுறை, வீச்சைப் பிடிக்கும் ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தி, எதிரணிக்கு மூச்சுவிட நேரம் தராமல் எறிந்துகொண்டே இருப்பது. அந்த எண்களில் பாதி அந்த முறைக்குச் சொந்தம்.

கல்லூரி மைதானமே வேறு. பந்தை வைக்கும் இடத்தைக் காட்டும் ஹேஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கும். என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரியில் பந்து ஒரு பக்க ஹேஷ் கோட்டில் இருந்தால் மறுபக்கம் பெரிய வெட்டவெளி கிடைக்கும். அந்தப் பக்கம் ஓடிப்போய் எறிவது எளிது, தடுப்பவர்கள் அவ்வளவு பரப்பையும் காக்க வேண்டும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் அந்த வெளி கிடைக்காது. கல்லூரியில், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னேறிப் போனாலும் பந்தை எறியலாம்; என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓட்டமா வீச்சா என்று எதிரணியைக் குழப்பும் ஆட்டங்கள் கல்லூரியில் நன்றாகப் பலிப்பதற்கு இந்த 2 யார்டு பெரிய காரணம். பிடித்த பந்து செல்லுபடியாக, ரிசீவருக்குக் கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் போதும், என்எஃப்எல்லில் இரண்டு கால்களும் பட வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று தொலைக்காட்சியில் கண்ணில் படாது. யோசிப்பது யார்? கல்லூரி ஆட்டத்தில் அணி வரிசையாக நின்ற பிறகு குவார்ட்டர்பேக் உட்பட எல்லாரும் தலையைத் திருப்பி ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். எதிரணி எப்படி நிற்கிறது என்று பயிற்சியாளரே பார்த்து, ஆட்டத்தை மாற்றிச் சொல்லிவிடுவார். பையன் செய்ய வேண்டியது, சொன்ன இடத்தில் எறிவது. என்எஃப்எல்லில் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும், ஆனால் ஆட்டம் தொடங்க 15 நொடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படும். அதற்கு மேல் அவர் தனி ஆள். எதிரணியின் நிற்கும் முறையைப் படிப்பது, எந்தப் பக்கத்திலிருந்து பாய்வார்கள் என்று கணிப்பது, லைன்மேன்களை அதற்கேற்ப மாற்றி நிறுத்துவது எல்லாம் அவர் தலையில். கல்லூரிகளின் மேல்மட்டப் பிரிவில் 2024 முதல் ஹெல்மெட் ரேடியோ வந்துவிட்டது, அங்கும் அதே 15 நொடி விதிதான். ஆனாலும் பெரும்பாலான அணிகளில் குவார்ட்டர்பேக்குக்கு இவ்வளவு பொறுப்பு கிடையாது.

அதனால் கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றுதான். பந்து அவர் கையை விட்டுப் போகும் நொடியில் ரிசீவர் திரும்பிவிட்டாரா, இன்னும் திரும்பவில்லையா? ரிசீவர் தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எறிபவர் கல்லூரியில் ராஜாவாக இருக்கலாம். என்எஃப்எல்லில் தனியாக நிற்பது என்றால் ஓரடி இடைவெளி, அதுவும் அரை நொடிக்கு. அங்கே ரிசீவர் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே எறியத் தெரிய வேண்டும். அலபாமாவின் மேக் ஜோன்ஸ் 2020-இல் தன் வீச்சுகளில் 77.4 சதவீதத்தைச் சேர்ப்பித்தார். அந்த ஆண்டு அவருடைய ரிசீவர் டெவான்டா ஸ்மித், கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மனையே வென்றவர். அந்த 77 சதவீதத்தில் எத்தனை பந்துகள் நெருக்கமான காவலுக்கு நடுவே போயின என்று எண்ணிப் பார்த்திருந்தால் எதிர்பார்ப்பு அளவோடு இருந்திருக்கும்.

சரி, முறையைப் பார்க்க வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. ‘இவன் சிஸ்டம் குவார்ட்டர்பேக்’, அதாவது எண்கள் எல்லாம் ஆட்டமுறையின் தயவு, என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது. டெக்சஸ் டெக் அணியில், எறிந்துகொண்டே இருக்கும் ‘ஏர் ரெய்டு’ முறையில் ஆடிய பலர் கல்லூரியில் சாதனை எண்களைக் குவித்துவிட்டு என்எஃப்எல்லில் காணாமல் போயிருந்தார்கள். எனவே அதே அணியிலிருந்து பேட்ரிக் மஹோம்ஸ் வந்தபோதும் பலர் அணிச் சட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். 2016-இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக அவர் 734 யார்டு எறிந்தும் அணி 59–66 என்று தோற்றது. 2017 டிராஃப்டில் அவருக்கு முன் 2-ஆவதாக எடுக்கப்பட்ட மிட்சல் ட்ரூபிஸ்கி, கல்லூரியில் தொடக்க வீரராக ஆடியது 13 ஆட்டங்கள்தான். மஹோம்ஸ் 10-ஆவதாகப் போனார். 2018-இல் 50 டச்டவுன்கள் எறிந்து லீகின் சிறந்த வீரரானார். நிலைகுலைந்த உடலோடு, எந்தக் கோணத்திலிருந்தும் குறி தவறாமல் எறிந்தது எந்த முறையும் கற்றுத்தந்ததில்லை. அது கல்லூரி ஆட்டங்களின் படப்பதிவிலேயே இருந்தது. பல அணிகள் அதைப் பார்க்க மறுத்தன. அப்புறம், என்எஃப்எல்லும் அசையாத பாறை இல்லை. கல்லூரி ஆட்ட யுக்திகளை அது வருடா வருடம் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

கை பலம் இன்னொரு மயக்கம். ஜமார்கஸ் ரஸ்ஸலின் கை அசாத்தியமானது. அதைப் பார்த்து ஓக்லண்ட் 2007-இல் அவரை முதல் தேர்வாக எடுத்தது. மூன்று பருவங்களில் கதை முடிந்தது. 2021-இல் சாக் வில்சன், டிராஃப்டுக்கு முன் அணிகளுக்குத் திறமை காட்டும் பயிற்சி நாளில், ஒரு பக்கம் ஓடிக்கொண்டே மறுபக்கம் எறிந்த நீண்ட வீச்சு எல்லாரையும் வாய்பிளக்க வைத்தது. நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், நம்பினேன். எதிரே பாய்ந்து வரும் ஆள் ஒருவரும் இல்லாத வீச்சு அது. ஓட்ட வேகம், உயரம், உள்ளங்கை அளவு இவையும் ஏறக்குறைய அப்படித்தான். டாம் பிரேடி 40 யார்டை 5.28 நொடியில் ஓடியவர், 2000-இல் 199-ஆவது தேர்வு, பிறகு லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றவர். குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் 9 அங்குல உள்ளங்கையைப் பற்றிய கவலையெல்லாம் இப்போது யாருக்கும் நினைவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் தவறு ஒன்று உண்டு. கறுப்பினக் குவார்ட்டர்பேக் நன்றாக ஓடினால், அவருக்கு எறியத் தெரியாது என்று முடிவு கட்டுவது. வாரன் மூன் 1978-இல், கல்லூரி அணிகளின் பெரிய ஆட்டமான ரோஸ் பவுலின் சிறந்த வீரராகத் தேர்வானவர். டிராஃப்டில் ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மண்டன் அணியில் ஆடி, அதன் பிறகே என்எஃப்எல்லுக்கு வந்து, 2006-இல் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். நாற்பது வருடம் கழித்து, ஹைஸ்மன் வென்ற லமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்னார்கள். அவர் மறுத்தார், நல்லவேளை. ஓட்டம் என்பது கூடுதல் திறமை. வீச்சைத் தனியாகப் பார்த்து மதிப்பிட வேண்டும்.

குறைந்த ஆட்டங்களை வைத்துப் பெரிய பந்தயம் கட்டுவதற்கு சான் ஃபிரான்சிஸ்கோவைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ட்ரே லான்ஸ் கல்லூரிக் காலம் முழுவதும் எறிந்தது 318 பந்துகள். அவரை 2021-இல் 3-ஆவதாக எடுக்க, அந்த அணி தன் முதல் சுற்றுத் தேர்வுகள் மூன்றைக் கொடுத்தது. நான்கே ஆட்டங்களைத் தொடங்கிவிட்டு அவர் போனார். 2022-இல் அதே அணி 262-ஆவதாக, டிராஃப்டின் கடைசிப் பெயராக எடுத்த பிராக் பர்டி அவர்களை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடியவர் அவர். நல்லதும் கெட்டதுமாகப் பார்க்க எல்லாமே படத்தில் இருந்தது. ஆனால் அனுபவம் வயதால் மட்டும் வந்துவிடாது: கிளீவ்லண்ட் 2012-இல் 28 வயது பிராண்டன் வீடனை முதல் சுற்றில் எடுத்தது, அது பலிக்கவில்லை.

சாக், அதாவது எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது, முழுக்க லைன்மேன்களின் குற்றம் என்று நினைக்காதீர்கள். பந்தை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருடைய பழக்கம், அது கூடவே வரும். கேலப் வில்லியம்ஸ் கல்லூரியிலேயே பந்தை நீண்ட நேரம் வைத்திருந்து, தப்பித்து ஓடி எறிவதில் பேர்போனவர். 2024-இல், முதல் என்எஃப்எல் பருவத்தில், 68 முறை வீழ்த்தப்பட்டார். லைனும் பலவீனம்தான், ஆனால் அது மட்டும் இல்லை.

துல்லியத்தைக் கற்றுத்தர முடியாது என்பார்கள். ஜாஷ் ஆலன் அதைப் பொய்யாக்கினார். அவர் சேர்ப்பித்த வீச்சுகள் கல்லூரியில், வயோமிங்கில், 56 சதவீதம், முதல் என்எஃப்எல் பருவத்தில் 52.8, 2020-இல் 69.2. எறியும் முறையைத் திருத்தினார், அவருடைய பஃபலோ அணி பொறுமையாக இருந்தது, ஸ்டீஃபான் டிக்ஸ் போன்ற ரிசீவரைக் கொண்டுவந்தது. இது அபூர்வம், வருடா வருடம் இன்னொரு ஆலன் கிடைப்பார் என்று எதிர்பார்ப்பதும் தவறே. ஆனால் அவர் எந்த அணிக்குப் போனார் என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பலரும் கடைசியில்தான் யோசிக்கும் விஷயம் இது, என் கணக்கில் முதலில் யோசிக்க வேண்டியது. மஹோம்ஸ் ஒரு வருடம் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் உட்கார்ந்து கற்றார். அதே ஸ்மித் 2005-இல் முதல் தேர்வாக வந்தபோது, ஏறக்குறைய ஆண்டுக்கொரு தாக்குதல் பயிற்சியாளரோடு திண்டாடினார். அதே டிராஃப்டில் 24-ஆவதாகப் போன ஆரன் ராட்ஜர்ஸுக்கு மூன்று வருடம் அமைதியாகக் கற்க நேரம் கிடைத்தது.

2018-இன் ஐவருக்கே திரும்பி வருகிறேன். நியூயார்க் ஜெட்ஸில் தோற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட டார்னல்டு, 2024-இல் மின்னசோட்டாவில் 14 வெற்றிகளோடு நின்றார். ரோசனுக்கு அரிசோனாவில் முதல் பருவத்தின் நடுவிலேயே தாக்குதல் பயிற்சியாளர் போனார், பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் போனார். புதிதாக வந்தவர் கல்லூரியில் மஹோம்ஸைப் பயிற்றுவித்த கிளிஃப் கிங்ஸ்பரி. அந்த ஏப்ரலில் அணி கைலர் மர்ரேயை முதல் தேர்வாக எடுத்தது, ரோசனை மயாமிக்கு அனுப்பியது. அவருக்கு அப்போது 22 வயது.