மோட்டார் மீட்டர் கூட்டிக் காட்டுகிறதா? கை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

பினாங்குப் பாலத்தில் முள் 80-ல் நிற்கிறது, போனில் வழிகாட்டும் வேஸ் செயலி 74 என்கிறது. பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் தினமும் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) போய்வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. உடனே மோட்டார் கடைக்குப் போய், "அண்ணே, மீட்டர் பொய் சொல்லுது, சரி பண்ணிக் குடுங்க" என்று நிற்பதுதான் முதல் தவறு, ஏனென்றால் பெரும்பாலும் அந்த மீட்டரில் கோளாறே இருக்காது.

வேகமானிகளைத் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்கிறார்கள். இதற்கென்று ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 39 இருக்கிறது. மீட்டர் எக்காரணம் கொண்டும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம், அதுவும் பத்து விழுக்காடும் அதற்கு மேல் சில கிலோமீட்டரும் வரை போகலாம் என்பது அதன் சாரம். புது டயர் போட்டாலும், வேறு கம்பெனியின் சற்றுப் பெரிய டயர் போட்டாலும் ஓட்டுபவர் தெரியாமல் வேக வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே விட்டுவைக்கும் இடைவெளி அது. ஆக 80-க்கு 74 என்றால் மீட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

சரி, ஒப்பிட்டுப் பார்க்க ஜிபிஎஸ் போதுமா? போதும், ஆனால் பார்க்கும் விதம் இருக்கிறது. முறுக்கிக்கொண்டு போகும்போது ஜிபிஎஸ் எண் ஓரிரு வினாடி பின்தங்கித்தான் வரும், அந்த நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டு "பத்து கிலோமீட்டர் வித்தியாசம்" என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பு. நேரான, மேடுபள்ளம் இல்லாத சாலையில் ஒரே வேகத்தில் சிறிது தூரம் போக வேண்டும், எண்ணைப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்தில் ஓடும் நண்பனின் மோட்டாரோடு ஒப்பிடுவதில் பயனே இல்லை, அவருடைய மீட்டரும் கூட்டித்தான் காட்டும். இன்னொன்று: ஐபோனை ஹேண்டிலில் நேரடியாக மாட்டினால் எஞ்சின் அதிர்வில் அதன் கேமரா கெடலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். முள் காட்டும் வேகமும் ஓடோமீட்டர் எண்ணும் கிலோமீட்டரும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, ஆனால் ஒரே வழியில் வருவதில்லை. கேபிள் மீட்டரில் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், காந்தம் உலோகக் கிண்ணம் ஒன்றை இழுக்கும், மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும், முள் நிற்கும் இடம் இந்த இழுபறியில் முடிவாகிறது. ஓடோமீட்டருக்கு இதெல்லாம் இல்லை, அதே கேபிளிலிருந்து பல்சக்கரம் வழியாக நேராக ஓடுகிறது. டிஜிட்டல் மீட்டரிலும் அப்படித்தான், வேகத்தைக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் சேர்த்துக் காட்டிவிட்டுத் தூரத்தை உள்ளபடியே எண்ணுவது சர்வசாதாரணம். அதனால் முள் எட்டு விழுக்காடு கூட்டிக் காட்டும் மோட்டாரில் கிலோமீட்டர் கணக்கு கச்சிதமாக இருக்கலாம்.

இதைச் சோதிப்பதும் சுலபம். ஜூருவிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் ஏறினால் ஓரத்தில் கிலோமீட்டர் பலகைகள் வரிசையாக வரும். மோட்டாருக்கு டோல் கிடையாது, பெட்ரோல் செலவு மட்டும்தான். ஒரு பலகையில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பலகையில் எண்ணைப் பாருங்கள். 20-ஐ ஒட்டி வந்தால் டயர், கேபிள், சென்சார் எல்லாம் ஒழுங்கு, முள் மட்டும் கம்பெனி வழக்கப்படி கூட்டிக் காட்டுகிறது, விட்டுவிடுங்கள். 21 கிலோமீட்டருக்கு மேல் வந்தாலோ 19-க்குக் கீழே போனாலோ அப்புறம் டயரையும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் பார்க்க வேண்டியதுதான்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் வேகத் திருத்திப் பெட்டி வாங்கிப் பொருத்துவதுதான் என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான தவறு. சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, சென்சார் அனுப்பும் மின் துடிப்புகளை மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி அது. எட்டு விழுக்காடு குறைத்து வைத்தால் வேகம் சரியாகிவிடும், ஆனால் சரியாக இருந்த ஓடோமீட்டரும் எட்டு விழுக்காடு குறைந்துபோகும். உண்மையில் 10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டரில் 9,200 இருக்கும். ஆயில் மாற்றும் கணக்கு தப்பும், பெட்ரோல் கணக்கு தப்பும், நாளைக்கு விற்கும்போது வாங்குபவரை ஏமாற்றியதாகவும் ஆகும். பெட்டியைக் குறை சொல்லவில்லை. ஸ்ப்ராக்கெட் மாற்றியதால் வேகம், தூரம் இரண்டுமே தவறிப்போன மோட்டாருக்கு அது உண்மையிலேயே நல்ல மருந்து.

ஆனால் ஸ்ப்ராக்கெட் மாற்றினால் எல்லா மோட்டாரிலும் மீட்டர் மாறாது. சென்சாரோ கேபிளோ முன் சக்கரத்தில் இருந்தால் செயின் பக்கம் என்ன செய்தாலும் மீட்டருக்குத் தெரியாது. கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால்தான் மாறும். முன்னால் 14 பல்லை எடுத்துவிட்டு 15 போட்டால் மீட்டர் ஏறக்குறைய ஏழு விழுக்காடு குறைத்துக் காட்டும், அதாவது கம்பெனி கூட்டி வைத்ததெல்லாம் கரைந்து முள் உண்மையைக் காட்ட ஆரம்பித்துவிடும். பழைய பழக்கத்தில் "மீட்டர் எப்படியும் கூட்டித்தானே காட்டும்" என்று 110 வரம்புள்ள இடத்தில் 118 போனால் சமான் (அபராத நோட்டீஸ்) வீடு தேடி வரும்.

டயர் விஷயத்தில் நம்மவர்கள் கவனிப்பதில்லை. ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாயின் முன் டயர் 2.25-17, விட்டம் சுமார் 546 மில்லிமீட்டர். அதில் ஒல்லியான 60/80-17 போட்டால் விட்டம் 528-க்கு வந்துவிடும், மீட்டர் இன்னும் மூன்றரை விழுக்காடு கூட்டும். 70/90-17 போட்டால் 558 ஆகி இரண்டு விழுக்காடு குறைக்கும். அளவை வைத்துப் போட்ட கணக்குதான் இது, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்பின் இருக்கும். காற்றைக் கூடுதலாக அடித்து மீட்டரைச் சரிசெய்யப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சுற்றளவு அதில் பெரிதாக மாறாது, மழையில் பிடிமானம்தான் போகும்.

முள்ளைப் பிடுங்கி இறக்கிக் குத்துவது இன்னொன்று. கண்ணாடியைத் திறந்து, 100-ல் எட்டு குறைய வேண்டும் என்று முள்ளை எட்டுக் கோடு கீழே வைக்கிறார்கள். மீட்டர் கூட்டுவது வேகத்தின் விகிதத்தில், முள்ளை நகர்த்துவதோ எல்லா வேகத்திலும் ஒரே அளவு. விளைவு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 30-ல் போகும்போது முள் 24, 25 என்று காட்டும். அதோடு அந்தச் சுருள்வில் தலைமுடி மாதிரி இருக்கும், ஒருமுறை வளைந்தால் மீட்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

முள் ஆடினாலோ, துள்ளினாலோ, சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலோ அது திருத்தம் செய்கிற விவகாரமே இல்லை, கேபிளைப் பாருங்கள். கேபிளை உருவி, துடைத்து, கீழ்ப்பகுதிக்கு மட்டும் லேசாக கிரீஸ் தடவ வேண்டும். மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவை அப்படியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சுழலச் சுழல கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் புகுந்து முள் ஒட்டிக்கொள்ளும். டயர் மாற்றிய மறுநாளே மீட்டர் செத்துப்போனால் முன் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைச் சந்தேகப்படுங்கள். அங்கே உள்ள சின்ன உலோகக் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்காராமலேயே அச்சை முறுக்கியிருப்பார்கள், காது நசுங்கியிருக்கும். முறுக்குவதற்கு முன் சக்கரத்தைக் கையால் சுற்றி, கேபிளின் நுனி சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை.

ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் மீட்டர் என்றால் சக்கரத்தின் சுற்றளவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பலர் ரிம் அளவான 17 இஞ்சை வைத்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள், டயரின் உயரத்தை மறந்துவிட்டு. சரியான காற்று வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒருவர் மேலே உட்கார மற்றவர் மெதுவாகத் தள்ள, சக்கரம் ஐந்து சுற்று உருண்ட தூரத்தை அளந்து ஐந்தால் வகுத்தால் வருவதுதான் சுற்றளவு. ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதையும், அதாவது சென்சாரைக் கடக்கும் காந்தங்களையோ டிஸ்க் போல்ட்டுகளையோ, எண்ணிக் கொடுக்க வேண்டும். பழைய மீட்டரைக் கழற்றும் நாளில் அதிலிருந்த கிலோமீட்டரைப் படம் எடுத்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள், புதியது பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.