தானாக ஓடும் படகு கட்டும்போது மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானாக ஓடும் படகு கட்டலாம் என்று ஒரு மாணவர் குழு உட்கார்ந்தால் பேச்சு முழுக்க கேமரா, மிதவையை அடையாளம் காணும் நிரல் என்றே போகும், வயரிங்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். முதல் தவறே அதுதான். படகு நடுத் தண்ணீரில் நின்றுபோனால் நிரலைத் தோண்டுவதற்கு முன்னால் மின்சாரத்தைப் பாருங்கள்.

மோட்டாருக்கும் கணினிக்கும் ஒரே பேட்டரியிலிருந்து கரண்ட் எடுப்பதை நிறைய பேர் செய்கிறார்கள். முன்னால் போய்க்கொண்டிருக்கும் படகைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கச் சொன்னால் மோட்டார்கள் எக்கச்சக்கமாகக் கரண்ட் இழுக்கும், அந்த நொடியில் வோல்டேஜ் விழும், படகின் கணினியாக வைத்த ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். மேசைமேல் வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் காற்றில் சுழலும் புரொப்பெல்லருக்குச் சுமையே கிடையாது. கணினிக்குத் தனி பேட்டரி கொடுங்கள், ஆனால் மோட்டார் கன்ட்ரோலருக்கு சிக்னல் ஒழுங்காகப் போக இரண்டு பேட்டரிகளின் கிரவுண்டையும், அதாவது நெகட்டிவ் பக்கத்தையும், இணைக்க மறக்காதீர்கள். பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அவசர ஸ்விட்சை நிரல் வழியாக வைக்கவே வைக்காதீர்கள். கணினி உறைந்துபோன நேரத்தில்தான் அது தேவைப்படும். ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச், மூலம் மோட்டாரின் கரண்டையே துண்டிக்கும்படி வையுங்கள், ரிமோட் சிக்னல் அறுந்துபோனாலும் மோட்டார் தானாக நிற்கட்டும்.

அடுத்தது திசைகாட்டி சென்சார். இதை மோட்டார் வயருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, படகு ஏன் வட்டமடிக்கிறது என்று நாள் கணக்கில் நிரலைத் தேடுவார்கள். கரண்ட் ஓடும் வயரைச் சுற்றி காந்தப்புலம் இருக்கும், வேகம் கூடக்கூட காட்டும் திசையும் விலகும். சென்சாரை ஒரு கம்பத்தில் உயரமாக வையுங்கள், பவர் வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள், எல்லாம் பொருத்தி முடித்த பிறகே கேலிபிரேட் செய்யுங்கள், அதாவது சரியான திசை காட்டும்படி அளவு திருத்துங்கள். ஜிபிஎஸ்ஸை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், நின்றுகொண்டிருக்கும் படகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒற்றை ஆன்டெனா ஜிபிஎஸ்ஸால் சொல்ல முடியாது.

சரி, தண்ணீர். ஐபி67 என்ற நீர்காப்புத் தரமுள்ள பெட்டி என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், ஆனால் வயருக்காக நீங்கள் ஒரு துளை போட்ட நொடியே அந்தக் கணக்கு செல்லாது. துளைக்கு, வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட் போடுங்கள், சிலிகானை மட்டும் நம்பாதீர்கள். பல இழை வயரின் வெட்டுமுனை நனைந்தால் உறைக்குள்ளேயே ஈரம் ஏறிப் பெட்டிக்குள் வந்துவிடும், இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மூடிய பெட்டி வெயிலில் கொதிக்கவும் செய்யும். ராஸ்பெர்ரி பையின் சிப் 80 டிகிரியைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் சூட்டை வெளியே கடத்த ஒரு அலுமினியத் தகடு வையுங்கள்.

பேட்டரியை அடியில், நடுவில் வையுங்கள். சும்மா செருகி வைக்கும் ஜம்பர் வயர்கள் அதிர்வில் கழன்றுவிடும், பூட்டுள்ள கனெக்டரே வேண்டும். அப்புறம், நிரல் ஏற்ற ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்கும்படி கட்டாதீர்கள், மூடியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டில் ஒரு மணல் துகள் ஒட்டினாலே கசியும். வைஃபை வழியாக ஏற்றுங்கள், சார்ஜ் செய்ய வெளியிலேயே நீர்புகாத சாக்கெட் ஒன்று வையுங்கள்.