'சும்மா விசாரிக்கத்தான்' என்று தீவிரவாத வழக்கில் வீட்டுப் பிள்ளையைப் போலீஸ் கூட்டிப்போனால்

முதலில் பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் போய் ஒரு வக்கீலைப் பிடியுங்கள், அரசியல் கட்சிக்காரருக்குப் போன் போடுவதெல்லாம் அப்புறம்.

எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள் என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள், ஏனென்றால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், பின்னால் நேரத்தை மாற்றி எழுதினால் உங்கள் குறிப்புதான் கை கொடுக்கும். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, இது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள், பிள்ளைகள் பயந்து முழுங்கிவிடும்.

வாக்குமூலம்தான் பெரிய விஷயம். தடா, பொடா என்ற பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டங்களின் காலத்தில் எஸ்.பி.யிடம் சொன்னதே சாட்சியாக நின்றது, அதனால் அடித்தாவது வாங்கும் ஆசை வரத்தானே செய்யும்? பொடா 2004-ல் போனது. இப்போதைய உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் அந்த வசதி இல்லை, ஆனால் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கைப்பற்றினால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மருந்து ஏற்றிப் பேசவைக்கும் நார்கோ சோதனைக்குச் சம்மதம் கட்டாயம் என்று 2010-லேயே செல்வி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் கூட உட்கார முடியாது.